இரு போர்களுக்கு இடையிலான போலந்து ராணுவ ரைஃபிள்கள்: புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு

போலந்து ரைஃபிள் சேகரிக்கப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, கொஞ்ச காலத்துக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதுதான். இந்தத் துறையில் பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் அவசரப்பட்டு வாங்கியவர்கள். ஜெர்மன் மௌசர் என்றால் சந்தையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், இன்று விட்டால் நாளை பிடிக்கலாம். போலந்துச் சரக்கு அப்படி இல்லை. அரிதாகக் கண்ணில் படுவதால், பார்த்தவுடன் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பைக் கணக்கில் வைத்தே விற்பவர்களும் உண்டு.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1918 நவம்பரில் போலந்து மறுபடி சுதந்திர நாடானபோது அதன் ராணுவத்திடம் இருந்தது ஒரு கலவைக் குவியல். அதற்கு முன் ரஷ்யா ஆண்ட பகுதியிலிருந்து மோசின்-நாகாந்த், ஆஸ்திரியா ஆண்ட பகுதியிலிருந்து மான்லிஹர், ஜெர்மனி ஆண்ட பகுதியிலிருந்து மௌசர், இவை போதாதென்று பிரான்ஸிலிருந்து வந்த லெபெல், பெர்த்தியே. ஒவ்வொன்றுக்கும் வேறு தோட்டா. சோவியத் ரஷ்யாவோடு நடந்த போர் 1921-ல் முடிவதற்குள்ளேயே, இந்தக் கலவையோடு ராணுவம் நடத்த முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ஜெர்மனியின் 7.92 × 57 மி.மீ. மௌசர் தோட்டாவையே பொதுவாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. டான்சிக் நகரத்தில் (இன்றைய கதான்ஸ்க்) பிரஷ்ய அரசின் துப்பாக்கி ஆலை ஒன்று இருந்தது. வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதன் இயந்திரங்கள் போலந்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வைத்து வார்சாவில் அரசுத் துப்பாக்கி ஆலை தொடங்கியது. அப்புறம் வார்சாவுக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் ராடோம் நகரில் பெரிய ஆயுத ஆலை எழுந்தது. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் மனதில் வையுங்கள். நீங்கள் கையில் எடுக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டில் ஒன்று இருக்கும்.

எந்தெந்த மாடல்கள்

போலந்து மாடல் பெயர்களில் வரும் "வ்ஸ்." என்பது மாடலைக் குறிக்கும் சுருக்கம். அதன் பின்னால் வருவது ஆண்டு அல்லது மூல வடிவத்தின் எண்.

புதியவர் தொடங்க வேண்டியது வ்ஸ். 29-ல். 1930 முதல் 1939 வரை ராடோமில் சுமார் 2,64,000 தயாராயின. மொத்த நீளம் 1,100 மி.மீ., பேரல் (குழல்) 600 மி.மீ., எடை 4 கிலோ அளவில், உள்ளே ஐந்து தோட்டா. காலாட்படைக்குப் போனவற்றில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும், குதிரைப்படைக்குப் போனவற்றில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அதில் எத்தனை ஸ்பெயினுக்குப் போனது, எத்தனை 1939 செப்டம்பரில் அழிந்தது, எத்தனை ஜெர்மானியர் கைக்குப் போய்த் தேய்ந்தது என்று யோசித்தால், இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது ஏன் கஷ்டம் என்று புரியும். செக்கோஸ்லோவாக்கியாவின் 24-ஆம் மாடலோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் வந்தது கராபினெக் வ்ஸ். 98. ஜெர்மன் கார்பைன் (குட்டை ரைஃபிள்) 98ஏ-யின் நேரடி நகல். பேரல் வந்து சேரும் முன்பக்க வளையம் சிறியது, முகப்புக்குக் கீழே துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவதற்கான கொக்கி, குறிபார்க்கும் முன் குறிக்கு இருபுறமும் காது. வார்சாவில் செய்தவற்றை நான் அதிகம் மதிக்கிறேன். டான்சிக் இயந்திரங்களில் போலந்துத் தொழிலாளர்கள் முதன்முதலில் செய்த ரைஃபிள்கள் அவை.

போலந்தின் வ்ஸ். 98ஏ, பெயர் ஒத்திருந்தாலும் அந்த ஜெர்மன் கார்பைன் அல்ல, நீளமானது. 740 மி.மீ. பேரல், அதாவது முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ரைஃபிளின் நீளம். 1936-க்கும் 1939-க்கும் இடையில் சுமார் 44,500 மட்டுமே செய்தார்கள். உலகமே குட்டை ரைஃபிளுக்கு மாறிய காலத்தில் இப்படி நீளமானதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் 29-ஐ விட விலை கூடுதலாக இருக்கும். அது நியாயமான விலைதான்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட மனதுக்கு நெருக்கமானது வ்ஸ். 91/98/25. ரஷ்ய மோசின்-நாகாந்தை எடுத்து, பேரலைக் குறைத்து, 7.92 மி.மீ. மௌசர் தோட்டா சுடும்படி மாற்றியது. சுமார் 77,000 வரை மாற்றினார்கள். வேலையின் கஷ்டம் எங்கே என்றால், ரஷ்யத் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, மௌசர் தோட்டாவில் கிடையாது. அதனால் போல்ட்டின் தலை, தோட்டாவை வெளியே தள்ளும் பகுதி, மேகசின் (தோட்டாக்கள் நிற்கும் பெட்டி), தோட்டாப் பட்டி செருகும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்க வேண்டியிருந்தது. ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து, பக்கத்தில் சாதாரண மோசின் ஒன்றையும் கழற்றி வைத்துப் பாருங்கள். மேகசினுக்குள் பின்பக்கத்தில் இடத்தைச் சுருக்கியிருப்பது தெரியும். போல்ட் தலையின் வட்டம் புதிய தோட்டாவின் அடிக்கு ஏற்றபடி மாறியிருக்கும். பணமும் எஃகும் குறைவாக இருந்த ஒரு புதிய நாடு தன்னிடம் இருந்ததை வைத்து என்ன செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை. இதிலேயே 23, 25, 26 என்று மூன்று படிகள் உண்டு. 23-ல் ரஷ்யப் பயனெட்டே (பேரல் முனையில் மாட்டும் குத்துக்கத்தி) தொடர்கிறது, 25-லிருந்து மௌசர் பாணிப் பயனெட் மாட்டும்.

இனி, கனவில் மட்டும் வரும் இரண்டு. யூசெஃப் மரோஷெக் வடிவமைத்த வ்ஸ். 38எம் தானியங்கி ஏற்ற ரைஃபிள். வாயு அழுத்தத்தில் இயங்குவது, பத்துத் தோட்டா. போர் வருவதற்குள் மிகக் குறைவாகத்தான் செய்ய முடிந்தது, உலகம் முழுவதிலும் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்கி வார்சாவின் போலந்து ராணுவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மற்றது அதே மரோஷெக்கின் வ்ஸ். 35 டாங்கி எதிர்ப்பு ரைஃபிள். ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம், 7.92 × 107 மி.மீ. என்ற தனித் தோட்டா. இதை ரகசியமாக வைக்க, உருகுவே நாட்டு ஏற்றுமதிக்கானது என்று பெயர் பண்ணி "உர்" என்றே அழைத்தார்கள், பெட்டிகளை மூடி முத்திரையிட்டுத் திறக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். யாராவது இவற்றில் ஒன்றை இணையத்தில் மலிவாகத் தருகிறேன் என்றால், பதில் எழுதக்கூட வேண்டாம்.

முதல் படி: சட்டம்

நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டம் தெரியாமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது நடைமுறையில் படிப்போடும் அருங்காட்சியகத்தோடும் நிற்கிற ஆர்வம்தான். உரிமம் பெற்றவர்கூட 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் 50 ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கென்று சேகரிப்பாளர் உரிமம் தனியாக இருக்கிறது. வாங்கியது, விற்றது அனைத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாநிலச் சட்டம் அதற்கு மேல் வேறு. போலந்திலேயே சேகரிப்பு நோக்கத்துக்கான அனுமதியை மாகாணக் காவல்துறைத் தலைமை தருகிறது. சேகரிப்பாளர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், மருத்துவ, மனநலப் பரிசோதனைகளும் உண்டு.

ஐரோப்பாவில் இன்னொரு வழி, சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கி. 2016-லிருந்து அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே தரநிலை வந்துவிட்டது. சட்டச் சுமை குறைவு. ஆனால் அந்தத் தரநிலைப்படி வெட்டுவதும் பற்றவைப்பதும் உள்ளே நிரந்தரச் சேதம். வ்ஸ். 91/98/25 போன்ற ஒன்றை அப்படிச் செய்வதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஏற்கனவே அப்படிச் செய்யப்பட்டதை வாங்குங்கள், உங்களுக்காக ஒன்றைச் செய்யச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: பயனெட்டில் தொடங்குங்கள்

துப்பாக்கிக்கு முன்னால் ஒரு பயனெட் வாங்குவது நல்லது. விலை கட்டுக்குள் இருக்கும், பல நாடுகளில் உரிமம் வேண்டாம் (உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துவிடுங்கள்). முக்கியமாக, போலந்து முத்திரைகளைப் படிக்கக் கண்ணைப் பழக்கும். பிடிக்குப் பக்கத்தில் அலகின் ஒரு புறம் ஆலையின் பெயர் இருக்கும்: ராடோமின் எஃப்.பி., வார்சாவின் பெர்குன் போன்றவை. மறுபுறம் கிரீடம் வைத்த கழுகும், போலந்து ராணுவத்தைக் குறிக்கும் டபிள்யூ.பி. எழுத்துகளும். உறையும் அலகும் சேர்ந்தே பிறந்தவையா, பின்னாளில் சேர்த்தவையா என்று கவனிக்கப் பழகுங்கள். போலிகளும் இங்கே நிறைய என்பதால் பயிற்சிக்கும் பஞ்சமில்லை.

ராடோம் ஆலை அதே காலத்தில் "உச்னிக்" என்ற பெயரில் சைக்கிளும் செய்தது. துப்பாக்கிக்கு வழியில்லாத நாட்டில் இருப்பவர்கள் அந்தச் சைக்கிள்களைச் சேகரிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதுவும் நல்ல சேகரிப்புதான்.

மூன்றாம் படி: முத்திரையைப் படிப்பது

துப்பாக்கியின் பேரல் ரிசீவரில் (போல்ட் அமரும் உலோக உடல்) போய்ச் சேரும் இடத்துக்கு மேல் உள்ள வளையம்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். ராடோம் ரைஃபிளில் அங்கே கிரீடம் வைத்த கழுகு, கீழே எஃப்.பி. ராடோம், அதற்கும் கீழே ஆண்டு. வார்சாவில் செய்ததில் பி.எஃப்.கே. வார்சாவா என்று இருக்கும். அரசுச் சின்னமான கழுகின் வடிவம் 1927-ல் மாற்றப்பட்டது. எனவே ஆரம்பகாலக் கழுகும் பிந்தைய கழுகும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டின் நல்ல படங்களையும் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுகின் தலையில் கிரீடம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். போருக்குப் பிறகு வந்த கம்யூனிச அரசு கிரீடத்தை எடுத்துவிட்டது. போலந்து ரைஃபிள் என்று சந்தையில் சுற்றும் பலவும் 1950-களில் ராடோமில் செய்த மோசின் 44 கார்பைன்கள். அவற்றின் ரிசீவரில் ஒரு வட்டத்துக்குள் 11 என்ற எண் இருக்கும். அவையும் நல்ல துப்பாக்கிகள்தான், ஆனால் போருக்கு முந்தையவை கிடையாது. அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: எந்த வழியாக வந்தது

ஒரு போலந்து ரைஃபிள் உங்கள் கைக்கு வர முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று ஸ்பெயின். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் தலையிட மாட்டோம் என்ற உடன்பாட்டில் போலந்தும் சேர்ந்திருந்தது. ஆனால் செபெவே என்ற ஆயுத ஏற்றுமதிக் கூட்டமைப்பு வழியாக, மூன்றாம் நாடுகளின் பெயரில் எழுதிய காகிதங்களோடு, பெருமளவு ஆயுதம் குடியரசுத் தரப்புக்குப் போனது. இன்று அமெரிக்காவில் கைமாறும் வ்ஸ். 29-களில் கணிசமானவை பின்னாளில் ஸ்பெயினிலிருந்து மொத்தமாக இறக்குமதியானவை. போல்ட் ஒரு துப்பாக்கியுடையது, மரம் இன்னொன்றுடையது, மேலே ஆணி அடித்த பழுது. அவற்றில் சிலவற்றின் கழுகு தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும்.

அப்படித் தேய்த்த ஒரு வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைவாக இருக்க வேண்டிய இடம் லேசாகத் தட்டையாகியிருக்கும், அரத்தின் கோடுகள் ஒரே திசையில் ஓடும். ஆழமாகப் பதிந்த இடம் முழுவதும் தேயாததால் சில சமயம் ஒரு இறக்கையின் நுனியோ, ராடோமின் கடைசி எழுத்தோ நிழல் போலத் தெரியும். பல சேகரிப்பாளர்கள் இதைக் கழித்துக்கட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தேய்மானம் அந்தத் துப்பாக்கிக்கு நடந்த உண்மை. முழுக் கழுகுள்ளதை விடக் குறைந்த விலையில் கிடைக்கும் என்பதால் முதல் துப்பாக்கியாக இதையே சிபாரிசு செய்வேன்.

இதை வைத்தே மோசடியும் நடக்கிறது. தேய்த்த வளையத்தில் புதிதாகக் கழுகு குத்தி முழு விலைக்கு விற்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், புதிதாகக் குத்திய முத்திரையின் விளிம்பில் உலோகம் லேசாக மேலெழும்பியிருக்கும், பள்ளத்துக்குள் பழைய கறுப்பு இருக்காது அல்லது வேறு நிறமாக இருக்கும். அடியில் வளையம் தட்டையாக இருந்து மேலே கழுகு மட்டும் கூர்மையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி ஜெர்மனி. 1939-ல் கைப்பற்றியவற்றை ஜெர்மன் படைகள் பயன்படுத்தின, ராடோம் ஆலையே ஆஸ்திரியாவின் ஸ்டையர் நிறுவனத்தின் கைக்குப் போனது. போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கொண்டுபோனவற்றில் போலந்து ரைஃபிள்களும் இருந்தன. இவற்றில் போலந்து முத்திரையோடு ஜெர்மன் பரிசோதனை முத்திரையும் சேர்ந்திருக்கும். கைப்பற்றியதற்கான அந்தக் காலத்துக் காகிதமும் கூட வந்தால் அதற்கு மதிப்பு தனி. பக்கவாட்டில் ஜி. 29/40 என்று பொறித்த ஸ்டையர் ரைஃபிளைப் பார்த்தால், அது வ்ஸ். 29-க்கு நெருங்கிய உறவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கென்று தனியாக அலையும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1968-க்குப் பிறகு இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளர் பெயர் எங்காவது பொறித்திருக்க வேண்டும். பேரலின் நுனியையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பொறிப்பு இல்லாதது விலை கூடும்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

போகும்போது ஒரு சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, அளவு டேப், மெல்லிய துடைப்புக் கம்பி கொண்டுபோங்கள். துப்பாக்கி கையில் வந்தவுடன் முகப்பைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். விற்பவர் நூறு முறை காலி என்று சொன்னாலும் செய்யுங்கள்.

அடுத்து எண்கள். ரிசீவர், பேரல், போல்ட், சின்னச் சின்ன உறுப்புகள் ஆகியவற்றில் உள்ள எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போங்கள். எல்லாம் பொருந்தினால் அபூர்வம். ரிசீவரும் பேரலும் பொருந்தினாலே போலந்துச் சரக்கில் நான் திருப்திப்படுவேன்.

பேரல் வெட்டப்பட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், போல்ட்டை மூடி, முகப்பு வழியாகக் கம்பியை மெதுவாக விட்டு, போல்ட் முகத்தில் முட்டியதும் முகப்போடு சமமான இடத்தில் டேப் ஒட்டி, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். வ்ஸ். 29-க்கு 600 மி.மீ. அளவில் வர வேண்டும். வேட்டைக்காரர்கள் மரத்தை வெட்டி, பேரலைக் குறைத்த ரைஃபிள்கள் ஏராளம். பின்னால் வேறு மரம் மாட்டி முழுசு என்று விற்பதும் உண்டு.

பேரல் உள்ளே இருட்டாகவும் குழிகளோடும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் காலத் தோட்டாவின் தீப்பொறி மருந்து உப்பை விட்டுச் செல்லும், சுத்தம் செய்யாவிட்டால் அரிக்கும். சேகரிப்புக்கு இது பெரிய குறை இல்லை. முத்திரையும் மரமும் முக்கியம். மரத்தில் குத்திய பரிசோதகர் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் முதலில் போவது அதுதான்.

சுடலாமா என்று கேட்பார்கள். வ்ஸ். 29-ஐத் துப்பாக்கித் தச்சர் ஒருவரிடம் காட்டி, தோட்டா அமரும் அறையின் இடைவெளி சரி என்று அவர் அளந்து சொன்ன பிறகு, 8.20 மி.மீ. குண்டுள்ள (தோட்டாவின் பெயரில் 7.92 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் இதுதான்) மௌசர் தோட்டாவில் சுடலாம். மாற்றியமைத்த மோசினைச் சுடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் வேறு தோட்டாவுக்குச் செய்த எஃகை வைத்துச் சூதாடத் தேவையில்லை.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். புதிதாகக் கறுப்பேற்றுவது, மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது, முத்திரையில் வெள்ளை பெயின்ட் பூசுவது எல்லாமே மதிப்பைக் கெடுக்கும். பழைய கிரீஸ் இறுகிப்போயிருந்தால் மரத்தையும் இரும்பையும் பிரித்து, மெதுவாகக் கரைத்து எடுங்கள். துரு இருந்தால் எண்ணெய் ஊறவைத்து மிக மென்மையாக நீக்குங்கள், கறுப்பு நிறம் போகத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். தோல் உறையிலோ ஸ்பாஞ்சுப் பெட்டியிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஈரம் பிடித்துக்கொள்ளும். பூட்டிய இரும்பு லாக்கர், உள்ளே சிலிக்கா ஜெல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கோப்பு போடுங்கள். முத்திரைகளின் நெருக்கமான படங்கள், எல்லா எண்களும், யாரிடம் எப்போது வாங்கியது, அவர் சொன்ன கதை. "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்றால் அதைச் சொன்னவரின் கையாலேயே எழுதி வாங்குங்கள், அவர் போன பிறகு அது கிடைக்காது. உரிமப் பிரதிகளையும் அதிலேயே வையுங்கள். உங்களுக்குப் பிறகு லாக்கரைத் திறக்க வேண்டியவர் உரிமம் இல்லாதவராக இருந்தால் சட்டப்படி என்ன செய்ய வேண்டும், எந்த அலுவலகத்துக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, கோப்பின் முதல் தாளாக வைத்து, வீட்டில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.